கொல்லைப்புறக் கோழிக்கு மூச்சிரைத்தால்…

பொழுது சாய்ந்து, கோழிகள் கூண்டில் அடைந்து, அரை மணி நேரம் போகட்டும். விளக்கில்லாமல், செருப்புச் சத்தம் கேட்காமல் கூண்டருகே போய் நின்று காது கொடுங்கள். நலமாக இருக்கும் கோழிகளிடம் இறகு உரசும் ஓசையும் இடம் பிடிக்கும் சின்னச் சிணுங்கலும் தவிர வேறொன்றும் கேட்காது. தொண்டைக்குள் ஈரமாக ஒரு கரகரப்போ, விட்டு விட்டு ஒரு தும்மலோ, தலையை உதறும் சத்தமோ கேட்டால் அன்றிரவே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். பகலில் மேய்ச்சலிலும் கூவலிலும் இந்தச் சத்தம் அமுங்கிப்போகும். பகலிலேயே காதில் விழுகிறது என்றால் நோய் ஏற்கெனவே நாலைந்து கோழிகளைத் தொட்டிருக்கும்.

நம் கிராமங்களில் இந்தச் சத்தத்துக்குப் பெயர் சளி. அதற்கு மருந்து, மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் டெட்ராசைக்ளின் மாத்திரை. உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் நிற மருந்துத் தூளைச் சோற்றில் பிசைந்தோ தண்ணீரில் கரைத்தோ கொடுப்பார்கள். ஒரு வீட்டில் கோழி தேறிவிடும். அடுத்த வீட்டில் மூன்றே நாளில் கூண்டு காலியாகும். தேறிய வீட்டுக்காரர் மாத்திரையைப் புகழ்வார், இழந்தவர் தலையெழுத்து என்பார். இரண்டு வீட்டுக்கும் வந்தவை வெவ்வேறு நோய்கள் என்று சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை. மூச்சிரைப்பு ஓர் அறிகுறிதான். அதன் பின்னால் வைரஸ் இருக்கலாம், பாக்டீரியா இருக்கலாம், பூஞ்சை, புழு, அம்மோனியா வாடை, சத்துக்குறை என்று எதுவும் இருக்கலாம். எது என்று முதல் நாளே பிரித்துப் பார்க்கும் வீடுகளில்தான் கோழிகள் மிஞ்சுகின்றன.

இது சில்லறை விஷயம் அல்ல. 2019-இல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 85 கோடி கோழியினங்கள் உள்ளன. அவற்றில் புறக்கடையில் வளர்பவை மட்டும் சுமார் 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட இது 46 சதவீதம் கூடுதல். மாநிலங்களில் 12 கோடியோடு தமிழ்நாடுதான் முதலிடம். நாமக்கல் வட்டாரத்துப் பெரும் பண்ணைகளுக்கு மருத்துவரும் ஆய்வகமும் தடுப்பூசி அட்டவணையும் உண்டு. வீட்டின் பின்னால் பத்துக் கோழி வைத்திருக்கும் பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை. பிள்ளையின் நோட்டுப் புத்தகம், திடீர் விருந்தாளி, குலசாமிக்கு நேர்ந்த சேவல் என்று அவளுடைய கணக்கெல்லாம் அந்தக் கூண்டில்தான் இருக்கிறது. அதில் எட்டு செத்தால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

நுரையீரலோடு நிற்காத மூச்சு

கோழிக்கு வரும் சளி ஏன் இவ்வளவு வேகமாக ஆளைச் சாய்க்கிறது என்பதற்கு அதன் உடலமைப்பில் பதில் இருக்கிறது. கோழியின் நுரையீரல் நம்முடையதுபோல் விரிந்து சுருங்குவதில்லை. முதுகுப்புற விலா எலும்புகளோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். காற்றை உள்ளே இழுப்பதும் வெளியே தள்ளுவதும் உடலெங்கும் பரவியுள்ள ஒன்பது காற்றுப் பைகள். கொல்லன் பட்டறைத் துருத்திபோல அவை இயங்க, காற்று ஒரே திசையில் நுரையீரலைக் கடந்து போகும். உள்ளே போன காற்று முழுச் சுற்று சுற்றி வெளியேற இரண்டு மூச்சு ஆகும். இந்தப் பைகள் வயிறு வரை இறங்குகின்றன. இறக்கையின் மேல் எலும்புக்குள்ளும் நுழைகின்றன. பறப்பதற்கென்று அமைந்த அருமையான ஏற்பாடு இது. ஆனால் மூக்கில் நுழைந்த கிருமிக்கும் இதே வழி திறந்திருக்கிறது. காற்றுப் பைகளில் ரத்த ஓட்டம் குறைவு. அங்கே ஒருமுறை சீழ் கட்டிவிட்டால் மருந்து போய்ச் சேருவது கடினம்.

நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. எனவே மூச்சிரைக்கும் கோழியைப் பிடிக்கும்போது மார்பை இறுக்கவே கூடாது. பயந்து திமிறுகிறதே என்று அணைத்துப் பிடித்த கையிலேயே கோழி செத்துப்போவதுண்டு. கால்களை ஒரு கையால் பற்றி, இறக்கைகள் உடலோடு ஒட்டியிருக்கும்படி மடியில் தளர்வாக வைத்துக்கொள்வதே முறை.

வாயைத் திறந்து மூச்சு விடும் எல்லாக் கோழியும் நோயாளி இல்லை. சித்திரை மாத உச்சி வெயிலில் கோழி அலகைத் திறந்து, தொண்டையைப் படபடவென்று ஆட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு வியர்வைச் சுரப்பி இல்லாததால் உடல் சூட்டை இப்படித்தான் தணித்துக்கொள்கிறது. நிழலும் தண்ணீரும் போதும். குளிர்ந்த விடியற்காலையிலும் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, அலகைத் திறந்து இழுத்தால்தான் கவலைப்பட வேண்டும். அதேபோல வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்து சொட்டிய மூன்று நான்கு நாட்களில் குஞ்சுகள் லேசாகத் தும்முவதும் வழக்கம். தீனி எடுத்துக்கொண்டே தும்மினால் தானாக அடங்கும்.

மடியில் வைத்துப் பாருங்கள்

கரகரப்புக் கேட்ட கோழியைத் தனியே எடுத்து, நல்ல டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும். முதலில் தோள்பட்டைச் சிறகு. மூக்கு ஒழுகும் கோழி அலகைத் தன் தோளில்தான் துடைக்கும். முகம் சுத்தமாகத் தெரிந்தாலும் அந்த இடத்துச் சிறகு பிசுபிசுத்து, மண் ஒட்டி, கட்டியாக இருக்கும். அடுத்தது கண். கண் முனையில் சோப்பு நுரைபோலக் குமிழ்கள் நிற்கிறதா, இமைகள் ஒட்டியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கன்னம் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூக்கருகே முகர்ந்து பாருங்கள். தயங்க வேண்டாம், அந்த வாடை பாதி நோயைச் சொல்லிவிடும். கடைசியாக அலகை விரலால் மெல்லத் திறந்தால் மேலண்ணத்தில் ஒரு பிளவு தெரியும். அதுதான் மூக்கும் வாயும் சேரும் இடம். அதில் சளி அடைத்திருக்கிறதா? நாக்குக்குப் பின்னால் மூச்சுக்குழல் வாயைச் சுற்றி மஞ்சளாகப் படலம் இருக்கிறதா? எச்சத்தின் நிறம் என்ன? இவ்வளவும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

முகம் வீங்கி, அழுகிய வாடை அடித்து, ஓரிரு நாட்களுக்குள் அடுத்தடுத்த கோழிகளுக்கும் அதே வீக்கம் வந்தால், அது பெரும்பாலும் கொரைசா என்னும் தொற்றுச் சளி. ஒரு பாக்டீரியாவால் வருவது. தொற்றிய ஒன்றிலிருந்து மூன்று நாளில் அறிகுறி தெரிந்துவிடும். முட்டை சட்டென்று குறையும், ஆனால் சாவு அதிகம் இருக்காது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இதைப் பரவலாகப் பார்க்கலாம்.

வாடை இல்லை, கண்ணில் நுரை, இரவில் கரகரப்பு, வாரக்கணக்கில் இழுத்தடிப்பு, கோழி மெலிந்துகொண்டே போகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது நாட்பட்ட சுவாச நோயை. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி இதற்குக் காரணம். கொல்லைப்புறக் கோழிகளுக்கு இதுதான் மெதுவான எமன். தாய்க்கோழியின் முட்டை வழியாகவே குஞ்சுக்கு இறங்கும். தேறிய கோழியும் ஆயுள் முழுக்கக் கிருமியைச் சுமக்கும். மழையில் நனைந்தாலோ, அடைக்குப் படுத்து இளைத்தாலோ, கூண்டு மாற்றினாலோ மறுபடி தலைகாட்டும். இந்த நுண்ணுயிரிக்குச் செல்சுவர் கிடையாது. அதனால் செல்சுவரைத் தாக்கி வேலை செய்யும் அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகள் இதனிடம் எடுபடாது. கடைக்காரர் எடுத்துத் தரும் ஏதோ ஒரு மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

பிறந்து சில நாளே ஆன குஞ்சுகள் கரகரப்புச் சத்தமே இல்லாமல் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தால் தரையில் விரித்த கூளத்தை அள்ளிப் பாருங்கள். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த கடலைத்தோலும் மரத்தூளும் பூஞ்சை வித்துகளைக் கிளப்பும். குஞ்சின் நுரையீரலில் அவை முளைக்கும். இதற்கு மாத்திரை கிடையாது, கூளத்தை மாற்றுவதுதான் வழி. ஒன்றிரண்டு மாதக் குஞ்சு கழுத்தை நீட்டி நீட்டிக் கொட்டாவி விடுவதுபோல் செய்து, தலையை உதறினால் மூச்சுக்குழலில் புழு இருக்கலாம். ஆணும் பெண்ணுமாக ஒட்டிக்கொண்டு கவட்டைக் குச்சி வடிவில் இருக்கும் சிவப்புப் புழு அது. மண்புழுவையும் நத்தையையும் கொத்தித் தின்னும் மேய்ச்சல் கோழிக்கே இது அதிகம் வரும், குடற்புழு மருந்துகளில் ஏற்ற ஒன்றுக்குக் கட்டுப்படும். கொண்டையில் கொப்புளமும் தொண்டையில் மஞ்சள் படலமும் சேர்ந்திருந்தால் அம்மை. முட்டை கோணலாக, ஓடு சுருங்கி, வெள்ளைக்கரு தண்ணீராக வந்தால் கோழிகளைத் தாக்கும் ஒருவகைக் கொரோனா வைரஸ் வந்து போயிருக்கிறது என்று பொருள். நம்மை முடக்கிய வைரஸ் அல்ல அது. கோழிகளிடம் 1930-களிலேயே இனங்காணப்பட்ட பழைய ஆள். இருமும்போது ரத்தம் தெறித்தால் குரல்வளையைத் தாக்கும் இன்னொரு வைரஸ்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, தமிழ்நாட்டுக் கொல்லைப்புறங்களை ஆண்டுதோறும் சூறையாடுவது ஒன்று இருக்கிறது.

வெள்ளைக்கழிச்சல்

1926-இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அடுத்த ஆண்டு இமயமலைச் சாரலில், இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிக்கேத்தில் அதே நோய் தெரிந்தது. உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. இந்தியாவில் ராணிக்கேத் நோய். நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் அல்லது கோழிக்கழிச்சல். கழிச்சல் என்ற பெயர் நிலைத்துவிட்டதால் பலருக்கு இது வயிற்று நோயாகவே மனதில் பதிந்திருக்கிறது. தொடக்கத்தில் தெரியும் மூச்சிரைப்பைச் சளி என்று தள்ளிவிட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழியும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள். அதற்குள் கழுத்து திருகி, கால் இழுத்துக்கொண்டு, இறக்கை தொங்கிவிடும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் வீரியமான வைரஸ் நுழைந்தால் ஏறக்குறைய எல்லாக் கோழியும் போய்விடும். இந்த நோயைத் தீர்க்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை.

திண்டுக்கல் மாவட்டத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் பார்த்தது இது. செத்த கோழி ஒன்றைப் பழைய உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார் நடுவயதுப் பெண் ஒருவர்.

"இதோட எத்தனைம்மா போச்சு?"

"மூணு சார். நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா மேஞ்சுச்சு. ராத்திரி கொறட்டை விடுற மாதிரி இழுத்துச்சு, விடிஞ்சு பாத்தா விழுந்து கிடக்கு."

"தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

"இல்ல சார். மாத்திரை குடுத்தேன், ரெண்டு வேளை."

மருத்துவர் கையுறை மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் கோழியை அறுத்தார். கல்லீரலை ஒதுக்கிவிட்டு, கற்குடலுக்கு மேலே இருக்கும் மெல்லிய இரைப்பையை நீளவாக்கில் பிளந்து, விரலால் விரித்துக் காட்டினார். உள்சுவரில் சின்னச் சின்னச் சுரப்பி மேடுகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஊசியால் குத்தியதுபோல ரத்தப் புள்ளி.

"இதுக்கு மாத்திரை கேக்காதும்மா."

அந்தப் பெண் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "மிச்சம் இருக்கிறத இன்னைக்கே வித்துறட்டுமா சார்?"

"வேண்டாம்மா. வாங்கிட்டுப் போறவங்க வீட்டுக் கோழியும் போயிரும்."

இந்தக் கேள்விக்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளை செத்துவிடும் என்று தெரிந்த பொருளை இன்றே காசாக்கப் பார்ப்பது இல்லாதவர்களின் இயல்பு. ஆனால் நோய் ஊர்விட்டு ஊர் போவது இந்த ஒரு வழியில்தான் அதிகம். 'கோழி இருக்கா, கோழி' என்று கேட்டுக்கொண்டு டி.வி.எஸ். 50-இல் மூங்கில் கூடை கட்டி வரும் வியாபாரி, காலையில் நோய் வந்த வீட்டில் எடுத்த கோழியை மாலையில் சந்தையில் இறக்குகிறார். அங்கே ஆசையாக ஒரு விடைக்கோழியை வாங்கிப் போகிறவர் அதைத் தன் கூட்டத்தோடு அன்றிரவே அடைக்கிறார். சந்தையிலிருந்து வந்த கோழியை எவ்வளவு நல்ல கோழியாக இருந்தாலும் ஒரு மாதம் தனியே வைக்க வேண்டும். கடைசி வாரத்தில் நம் கோழிகளில் ஒன்றை மட்டும் அதோடு சேர்த்து அடைத்துப் பார்ப்பது நல்ல உபாயம். அதற்கு ஒன்றும் வரவில்லை என்றால் மற்றவற்றோடு விடலாம்.

செத்த கோழியை மருத்துவரிடம் கொண்டுபோன அந்தப் பெண் செய்தது பெரிய காரியம். பெரும்பாலானோர் அதைக் கண்மாய்க் கரையில் வீசிவிடுகிறார்கள், நாய் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறது. இருக்கும் கோழிகளைக் காப்பாற்றச் செத்த கோழியைவிட நல்ல சாட்சி கிடையாது. காற்றுப் பை மங்கிச் சீழ் கட்டியிருந்தால் நாட்பட்ட சுவாச நோய், நுரையீரலில் மஞ்சள் முடிச்சுகள் இருந்தால் பூஞ்சை, மூச்சுக்குழலில் சிவப்புப் புழு என்று அறுத்தவுடன் பலவும் தெரிந்துவிடும். தீராத சந்தேகத்துக்கு மாவட்டங்களில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. கொண்டுபோக வழியில்லை என்றால் 1962 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

ஒரே எச்சரிக்கை. வீட்டில் யாரும் செத்த கோழியை அறுக்கக் கூடாது. ஒரே நாளில் பல கோழிகள் பொத்துப் பொத்தென்று விழுந்து, கொண்டை கருநீலமாகி, காலில் தோலுக்கடியில் ரத்தம் கட்டி, பக்கத்தில் வாத்தும் காக்கையும் சாகின்றன என்றால் அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில்தான் இந்தியா முதல்முறையாக அதைச் சந்தித்தது. பக்கத்துக் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பகுதி வாத்துகளிடம் அது பலமுறை தலைகாட்டியிருக்கிறது. அரிதாக என்றாலும் மனிதருக்கும் தொற்றி உயிரைக் குடிக்கும். அப்படியொரு சாவில் எதையும் தொடாமல், குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புவது ஒன்றே செய்ய வேண்டியது.

கொடுக்கும் கையும் கொடுக்கும் மருந்தும்

நோய் எது என்று தெரியவரும் வரை என்ன செய்வது? கோழியைப் பிரித்து வைப்பது முதல் மருந்து. பஞ்சாரத்தை நாலடி தள்ளிக் கவிழ்ப்பது பிரிப்பதாகாது. வீட்டின் எதிர்ப்புறத்தில், காற்று மற்றக் கோழிகளை நோக்கி அடிக்காத இடமாக இருக்க வேண்டும். தனித் தண்ணீர்க் கிண்ணம். தீனி வைக்கும்போது முதலில் நல்ல கோழிக்கு, கடைசியில் நோய்க் கோழிக்கு, பிறகு கைகால் கழுவல். நோயுற்ற கோழிக்குக் கதகதப்பு தேவை. அட்டைப்பெட்டியில் பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை எட்டத் தொங்கவிட்டால் அதுவே பாதித் தெம்பு. வெல்லம் கலந்த தண்ணீர், குழைந்த சோறு, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை. கீரையில் உள்ள வைட்டமின் ஏ மூக்கு, தொண்டைச் சவ்வைத் தேற்றும். அது குறைந்தாலே வாய்க்குள் வெள்ளைப் புள்ளிகள் வந்து சளிபோலத் தோன்றுவதுண்டு. ஒட்டிய கண்ணை, உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். கண் தெரியாத கோழி பட்டினியால்தான் முதலில் சாகிறது.

துளசி, தூதுவளை, கற்பூரவள்ளி அரைத்துக் கொடுப்பதும், மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி சேர்ந்த உருண்டையும் நம் வழக்கத்தில் உண்டு. லேசான சளியில் துணை மருந்தாக இவற்றைக் கொடுப்பதில் தவறில்லை. வெள்ளைக்கழிச்சலை இவை நிறுத்திவிடும் என்று நம்பித் தடுப்பூசியைத் தவிர்ப்பதுதான் ஆபத்து.

எந்த மருந்தாக இருந்தாலும், கொடுக்கும் விதத்தில் ஒரு தவறு வீட்டுக்கு வீடு நடக்கிறது. கோழியின் தலையை அண்ணாத்திப் பிடித்து, அலகைப் பிளந்து, பாலாடையில் கஷாயத்தையோ பூண்டு காய்ச்சிய எண்ணெயையோ மடமடவென்று ஊற்றுகிறார்கள். கோழிக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றியதில் பாதி அங்கே இறங்கும். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் உயிருக்கு அந்த எண்ணெய் போதும். மருந்து கொடுத்த பத்தாவது நிமிடம் சாகும் கோழிகள் பல நோயால் சாவதில்லை. அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு வைக்க வேண்டும். உருண்டையாக்கி நாக்கின் பின்பக்கம் வைப்பது இன்னும் நல்லது.

ஆன்டிபயாடிக் மருந்தை மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. வைரஸ் நோயில் அது எடுபடாது. எடுபடும் நோயிலும் கோழியின் எடைக்கேற்ற அளவில், சொன்ன நாள் முழுதும் கொடுக்க வேண்டும். இரண்டு வேளை கொடுத்துக் கோழி கொத்தத் தொடங்கியதும் நிறுத்தினால், மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். முட்டை ஓடு கெட்டியாக வேண்டும் என்று சுண்ணாம்புச் சத்தும் டெட்ராசைக்ளினும் ஒன்றாகக் கொடுப்பவர்கள் உண்டு. கால்சியம் அந்த மருந்தைப் பிடித்து வைத்து, உடலில் சேரவிடாமல் செய்துவிடும். தண்ணீரில் கலந்தால் எல்லாக் கோழிக்கும் போய்ச் சேரும் என்ற நினைப்பும் சரியல்ல. மேய்ச்சல் கோழி கிணற்றடியிலும் சாக்கடையிலும் குடித்துவிட்டு வரும், நோய்க் கோழியோ குடிக்கவே வராது. மருந்து கொடுத்த நாட்களிலும் அதன் பிறகு மருத்துவர் சொல்லும் கெடு வரையிலும் அந்த முட்டையை நாம் சாப்பிடக் கூடாது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவு விலங்குகளுக்குப் பயன்படுத்த 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது. நம் பிள்ளைக்கு நாளை காய்ச்சல் வந்தால் மருந்து கேட்க வேண்டுமே என்ற கவலையில் வந்த தடை அது.

கூண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் குளிருமே என்று சாக்கும் தார்ப்பாயும் போட்டு நாலு பக்கமும் மூடிவிடுகிறோம். உள்ளே எச்சத்தின் ஈரத்தில் அம்மோனியா கிளம்புகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு அளவுக்கு அது ஏறினாலே மூச்சுக்குழலில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழக்கின்றன. விடியற்காலையில் கூண்டைத் திறந்ததும் குத்துக்காலிட்டு, கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் கூளத்தை அன்றே மாற்ற வேண்டும். கோழி உட்காரும் மட்டத்தில் காற்றை மறைத்து, அதற்கு மேலே கூரையோரம் ஒரு சாண் இடைவெளியைத் திறந்து வைத்தால் குளிரும் அடிக்காது, வாடையும் தங்காது.

குப்பியின் கணக்கு

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி புதிதல்ல. குமாவுன் மலையில் உள்ள முக்தேசுவர் ஆய்வகத்தில் உருவான தடுப்பூசி 1940-களிலிருந்து இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நம் மாநிலத்துக்கான மருந்தைத் தயாரிக்கிறது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரம் லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கைக்கடியில் அரை மில்லி ஊசி. இவ்வளவுதான். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத்துறை இரண்டு வார முகாம் நடத்தி இலவசமாகவே ஊசி போடுகிறது. கோடை வெயிலில் நோய் மூளும் முன் போடுவது என்பது நல்ல திட்டம்.

அப்படியிருந்தும் கூண்டுகள் ஏன் காலியாகின்றன? கடையில் கிடைக்கும் குப்பியில் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் மருந்து இருக்கிறது. கூண்டில் இருப்பது பத்து. குளிர்ப்பதம் கெடாமல் ஐஸில் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் கோழிக்காகத் தொண்ணூறு பங்கை யார் கொட்டுவார்கள்? பிப்ரவரியில் முட்டைக்குள்கூட வராத குஞ்சுகள் ஆனியில் பொரிக்கின்றன. அவை அடுத்த முகாம் வரை தாக்குப்பிடிப்பதில்லை. நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் பெண்களுக்கு வழங்கும் அரசுத் திட்டங்கள் பல வந்திருக்கின்றன. குஞ்சோடு ஓராண்டுக்கான தடுப்பூசிக்கும் வழி செய்யாவிட்டால், அந்தக் கொடையில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும் என்பது என் உறுதியான எண்ணம்.

வழி இல்லாமல் இல்லை. சூட்டைத் தாங்கும் ஐ-2 என்ற தடுப்பு மருந்து வித்து ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவானது. மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகளில் பயிற்சி பெற்ற கிராமத்தவர்களே, அவர்களில் பல பெண்கள், நாலு மாதத்துக்கு ஒருமுறை வீடுவீடாகப் போய்க் கோழிக் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, சிறு கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தீனியோடு கொத்தித் தின்னும்படி குருணை வடிவில் கோழிக்கழிச்சல் தடுப்பு மருந்தைப் புறக்கடைக் கோழிகளுக்கென்றே உருவாக்கியது. ஊசி பிடிக்க ஆளில்லாத வீட்டுக்கு இதைவிட ஏற்ற மருந்து வேறில்லை. அது எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் எந்த மாதம் கேட்டாலும் கிடைக்க வேண்டும்.

அதுவரை தெருவாகச் சேர்வதே கைவசமுள்ள வழி. மகளிர் சுய உதவிக் குழுவில் பத்துப் பேர் இருந்தால் நூறு கோழிகள் இருக்கும், ஒரு குப்பி சரியாகத் தீரும். மாலை அடைந்த பிறகு ஒரு தெருவுக்குச் சொட்டு விட ஒரு மணி நேரம்கூட ஆகாது. நோய் பரவிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தடுப்பூசி போடக் கூடாது.

கூண்டு காலியான வீட்டில் மறுநாளே குஞ்சு இறக்க வேண்டாம். செத்தவற்றை மூன்றடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கூளத்தை எரித்து, கூண்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, நாலு வாரம் வெயிலில் கிடக்க விடுங்கள். கொரைசாக் கிருமி வெளியில் சில நாட்களில் மடிந்துவிடும், கழிச்சல் வைரஸ் எச்சத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். நாட்பட்ட சுவாச நோயில் தேறிய கோழி வீட்டில் மிஞ்சியிருந்தால் அதை அடைக்கு வைக்காதீர்கள், புதுக் குஞ்சுகளோடும் விடாதீர்கள். ஆசையாக வளர்த்த தாய்க்கோழியை ஒதுக்குவது வருத்தமான முடிவுதான். ஆனால் அதன் ஒவ்வொரு முட்டையும் நோயைச் சுமக்கக்கூடும்.

பிப்ரவரி முகாமுக்குப் பிறகு நாலு மாதக் கணக்கில் அடுத்த சுற்று ஜூனிலும் அதற்கடுத்தது அக்டோபரிலும் வர வேண்டும். மே 1 அன்றும் ஆகஸ்ட் 15 அன்றும் ஊராட்சிதோறும் கிராம சபை கூடுகிறது. எங்கள் ஊர்க் கோழிகளுக்கு ஜூனிலும் அக்டோபரிலும் தடுப்பூசி நாள் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடச் சொல்லிக் கேட்கலாம். தெருவில் எத்தனை வீட்டில் எத்தனை கோழி என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால், எத்தனை குப்பி தேவை என்பது அங்கேயே முடிவாகிவிடும்.